புதுப்பிப்பு: அந்த ஒளி மாறும் விண்மீன் இரட்டைதான்

கடலூரில் மழைமேகம் விலகாததால், அமெரிக்காவின் பாலோமர் மலையில் உள்ள 48 அங்குலத் தொலைநோக்கி எடுக்கும் இசட்டிஎஃப் (வானத்தைத் திரும்பத் திரும்பப் படமெடுக்கும் ஆய்வு) தரவில் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைப் பார்த்து, விரிந்து சுருங்கித் துடிக்கும் ஆர்ஆர் லைரே வகையா, ஒன்றையொன்று ஒட்டிச் சுழலும் இரு விண்மீன்கள் கொண்ட இரட்டையா என்று முன்பு கேட்டிருந்தேனே, விடை கிடைத்துவிட்டது. இரட்டைதான். ஒளிமாற்றத்தின் சுற்றுக்காலம் என்று மென்பொருள் சொன்ன 0.16 நாளை இருமடங்காக்கிப் பாருங்கள் என்றார் புதுச்சேரி நண்பர் ஒருவர்; தரவை 0.32 நாளில் மடித்ததும், அதாவது எல்லாச் சுற்றுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்ததும், ஒளி குறையும் இரண்டு பள்ளங்கள் ஆழம் சற்றே வேறுபட்டுத் தெரிந்தன. ஒரு சுற்றில் விண்மீன்கள் ஒன்றையொன்று மறைப்பது இரண்டு முறை, அதனால் மென்பொருள் பாதியைப் பிடித்துக்கொள்ளும், இந்த வகையில் வழக்கமான கூத்து. அப்புறம் நிறம், எனக்கு அதுதான் பெரிய சான்று: துடிப்பு என்றால் வெப்பநிலை மாறும், பச்சை வடிகட்டியில் ஏற்ற இறக்கம் சிவப்பைவிடக் கூடுதலாக இருக்கும். இங்கே இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு, ஒரே உறையைப் பகிரும் இரு விண்மீன்களுக்கும் வெப்பநிலை கிட்டத்தட்ட ஒன்றுதான் என்பதால். சுற்றுக்காலம் மெல்ல மாறுகிறதா என்று பார்க்கப் காட்டலினா என்ற முந்தைய வான ஆய்வின் பழைய தரவை இறக்கிக்கொண்டிருக்கிறேன்.