மறு: மொட்டைக்கழுத்தா, வெறுங்கழுத்தா?

குழு நண்பர்களுக்கு வணக்கம். கழுத்தில் இறகு இல்லாத 'நேக்கட் நெக்' கோழி வகையைத் தமிழில் எப்படி எழுதுவது என்ற நம் பேச்சில், நீங்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை.

> 'நேக்கட் நெக்' கோழியை 'நிர்வாணக் கழுத்துக் கோழி' என்றே எழுதலாமே? சொல்லுக்குச் சொல் பொருந்துகிறது.

பொருந்துகிறது ஐயா, ஆனால் தமிழில் நிர்வாணம் முழு உடம்புக்கு உரியது. ஓர் உறுப்புக்கு மட்டும் அதைச் சொல்வதில்லை. 'வெறுங்கழுத்து' என்று நானும் முதலில் எழுதிப் பார்த்து அடித்துவிட்டேன். அந்தச் சொல்லைக் கேட்டதும் நம் வீடுகளில் நகையோ தாலியோ இல்லாத பெண்ணின் கழுத்துதான் நினைவுக்கு வரும். எத்தனையோ பேரைக் குத்திய சொல் அது. பண்ணைக் குறிப்பேட்டில் அது வேண்டாம். என் வாக்கு 'மொட்டைக்கழுத்து'க்கு.

> மொட்டை என்றால் மழித்தது. திரும்ப முளைத்துவிடும் அல்லவா?

தலையில் முளைக்கும். மொட்டைப் பாறையில் முளைக்குமா? இந்தக் கோழியின் கழுத்தும் பாறை போலத்தான். அங்கே இருந்த இறகு உதிர்ந்துபோகவில்லை; முட்டைக்குள் கரு வளரும்போதே கழுத்துத் தோலில் இறகுக்குழிகள் உருவாகாமல் போகின்றன. பிஎம்பி12 என்ற புரதம் அளவுக்கு மீறி உண்டாகி அவற்றைத் தடுக்கிறது என்று 2011இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. குஞ்சு பொரிக்கும்போதே கழுத்து வழவழவென்றுதான் இருக்கும்.

இனி, நாம் உண்மையில் தடுமாறும் இடம்: கலப்பில் பிறக்கும் கோழிக்கு என்ன பெயர்? 'முழுமையற்ற ஓங்குதன்மை' (ஒரு மரபணு மற்றொன்றை முழுக்க மறைக்காமல் இடைப்பட்ட தோற்றம் வருவது) என்று பாடநூல் சொல்வதை இங்கே கண்ணாலேயே பார்க்கலாம். தாய், தந்தை இருவரிடமும் அந்த மரபணுவை வாங்கிய கோழிக்குக் கழுத்து ஏறக்குறைய முழுக்க மொட்டை. ஒருவரிடம் மட்டும் வாங்கியதற்கு முன்கழுத்தின் அடியில், தின்ற தீனி முதலில் தங்கும் தீனிப்பைக்குச் சற்று மேலே, சின்ன இறகுக் கொத்து ஒன்று நிற்கும். சடைக்குஞ்சம் போலவே இருக்கும். ஆகவே இதைக் 'குஞ்சக்கழுத்து' என்று அழைக்கலாம் என்பது என் பரிந்துரை.

இந்த இரண்டு சொற்கள் இருந்தால் கணக்கு எளிது. மொட்டைக்கழுத்தைச் சாதாரணக் கோழியோடு சேர்த்தால் பிறப்பதெல்லாம் குஞ்சக்கழுத்து. குஞ்சக்கழுத்தையும் குஞ்சக்கழுத்தையும் சேர்த்தால் சராசரியாக நாலில் ஒன்று மொட்டைக்கழுத்து, இரண்டு குஞ்சக்கழுத்து, ஒன்று சாதாரணம். மரபியல் படிக்காதவரும் குஞ்சுகளைப் பார்த்தே எழுதி வைக்கலாம். இறகும் அதற்கேற்பக் குறைகிறது: குஞ்சக்கழுத்துக்கு 20 முதல் 30 விழுக்காடு, மொட்டைக்கழுத்துக்குச் சுமார் 40 விழுக்காடு. உடல் சூடு எளிதாக வெளியேறுவதால் வெயில் நாட்டுக்கு இது பெரிய உதவி. உத்தரப் பிரதேசத்தின் இசத்நகரில் உள்ள மத்திய பறவை ஆராய்ச்சி நிறுவனம் மொட்டைக்கழுத்தை 'காரி ரெட்' என்ற கோழியோடு கலந்து 'ஹித்காரி' என்ற கலப்பினத்தை உருவாக்கியிருக்கிறது.

> குஞ்சம், குஞ்சு இரண்டும் குழம்பாதா? 'கொத்துக்கழுத்து' என்றால் என்ன?

கோழிக்குப் பக்கத்தில் 'கொத்து' வந்தால் அலகால் கொத்துவதாகத்தான் படிப்பார்கள். கோழிகள் ஒன்றையொன்று கொத்திக் கழுத்தைப் புண்ணாக்குவதும் உண்டென்பதால் அந்தக் குழப்பம் இன்னும் மோசம். குஞ்சம் சடையிலும் தேரிலும் தொங்கிப் பழகிய சொல், அதை யாரும் தவறாகப் படிக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

கோழி வளர்க்கும் வீடுகளில் அந்த இறகுக் கொத்துக்கு ஏற்கெனவே ஒரு பெயர் வழங்குமானால் தயவுசெய்து எழுதுங்கள். அதுவே நிற்கட்டும், நான் சொன்னதை எடுத்துவிடலாம்.

அன்புடன்.