அக்கா கல்யாண டிவிடி முகூர்த்தத்துலயே நின்னுடுது, காப்பி பண்ண வழி இருக்கா?

மலைக்கோட்டைக்காரன்:
வணக்கம் மக்களே. அக்கா கல்யாணம் 2005ல. ஸ்டுடியோக்காரர் முகூர்த்தத்த ஒரு டிவிடியாவும் வரவேற்ப ரெண்டு விசிடியாவும் கொடுத்தாரு. இப்ப லேப்டாப்புல வெளி டிரைவ் மாட்டி காப்பி போட்டா டிவிடி பாதி வரைக்கும் நல்லா வருது, மாப்பிள்ளை மணவறைக்கு வந்து உக்காந்ததும் டக்டக்குனு சத்தம், அப்புறம் எரர். விசிடில டேட் (.DAT)னு ஒரு ஃபைல் இருக்கு, ஃபோன்ல ஓட மாட்டேங்குது. அம்மா இன்னும் பழைய டிவிடி பிளேயர்லதான் பாப்பாங்க, அதுக்கு ஒரு புது டிஸ்க்கும் ரைட் பண்ணணும். ஸ்டுடியோவுல கேக்கலாம்னா கடையே இப்ப இல்ல.

பழையரேடியோ:
தம்பி, முதல்ல அந்த டிவிடிய திரும்பத் திரும்ப போட்டு ஓட்டுறத நிறுத்துங்க. மெத்துனு காட்டன் துணியால நடுவுலேர்ந்து ஓரத்துக்கு நேரா துடைங்க, வட்டமா துடைக்கவே கூடாது, ஏன்னா டேட்டா சுருளா போகுது, அதே திசையில ஒரு கீறல் விழுந்தா தொடர்ச்சியா நிறைய போயிடும், குறுக்க விழுந்த கீறல டிரைவே சமாளிச்சுக்கும். அப்புறம் ஃபைல் காப்பி வேணாம், லினக்ஸ்ல டிடிரெஸ்க்யூன்னு கெட்டுப்போன டிஸ்க்க மீட்குற மென்பொருள் போட்டு முழு டிஸ்க்கையும் ஐஎஸ்ஓவா, அதாவது டிஸ்க்கோட அச்சு நகலா ஒரே ஃபைலா எடுங்க. படிக்க முடியாத இடத்த தாண்டிட்டு நல்லதெல்லாம் முதல்ல எடுத்துட்டு, கடைசியா வந்து கெட்ட இடத்த சுரண்டும். எது பாக்கின்னு மேப் ஃபைல்ல எழுதி வச்சுக்கும், அதே மேப்போட வேற டிரைவ்ல போட்டா பாக்கியையும் கொஞ்சம் எடுத்துடலாம். ஒரு டிரைவ் படிக்காதத இன்னொண்ணு படிக்கும், இது சத்தியம்.

விசிடிபிரியன்:
விசிடிக்கு மட்டும் அந்த வழி ஒத்துவராது ப்ரோ. சாதாரண டேட்டா சிடில ஒரு செக்டருக்கு (டிஸ்க்க பிரிச்சு வச்சிருக்குற சின்னத் துண்டு) 2048 பைட், விசிடி வீடியோ டிராக்ல 2324, எரர் திருத்துற இடத்தயும் சேத்து படத்துக்கே கொடுத்துட்டாங்க. அதான் 700 எம்பி சிடில 80 நிமிஷப் படம் 800 எம்பிக்கு நிக்குது, அதான் சின்னக் கீறலுக்கே கட்டம் கட்டமா உடையுது. ஐசோபஸ்டர் மாதிரி விசிடி டிராக்க படிக்கிற மென்பொருள் ஒண்ணுல எடுங்க. உள்ள இருக்குறது எம்பெக்-1ங்குற பழைய வீடியோ வகை, படம் 352க்கு 288 புள்ளி, விஎல்சி பிளேயர்ல அப்படியே ஓடும், ஃபோனுக்கு ஹேண்ட்பிரேக்னு வீடியோ மாத்துற மென்பொருள்ல எம்பி4 ஆக்கிக்கோங்க. பெருசாக்கினா தெளிவாகும்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க. அப்புறம் சிடி மேல்பக்கம் பேனாவால கீறாதீங்க, டேட்டா அந்த லேபிளுக்கு அடியிலதான் இருக்கு, கீழ்ப்பக்கத்த விட அதுதான் ஆபத்து.

பழையரேடியோ:
அம்மாவோட டிஸ்க்குக்கு: எம்பி4 ஃபைல டிவிடில போட்டு கொடுத்தா பழைய பிளேயர் பெரும்பாலும் எடுக்காது. ஐஎஸ்ஓ முழுசா வந்தா இம்ஜ்பர்ன்னு டிஸ்க் எழுதுற மென்பொருள்ல அப்படியே ரைட் பண்ணுங்க, 8எக்ஸ் வேகம் போதும், வெரிஃபை (எழுதினத சரிபாக்குறது) டிக்க எடுக்காதீங்க. நடுவுல ஓட்டை இருந்தா புது டிஸ்க்கும் அதே இடத்துல திணறலாம், அப்ப கெட்ட துண்ட வெட்டிட்டு டிவிடிஸ்டைலர்னு டிவிடி தயாரிக்கிற மென்பொருள்ல திரும்ப கட்டணும். அதுல வீடியோ முறைய பால் (PAL, நம்ம ஊர் டிவி முறை), 720க்கு 576ன்னு வைங்க. 4.7 ஜிபின்னு அட்டையில இருக்கும், விண்டோஸ் 4.38னுதான் காட்டும், எண்ணுற முறைதான் வேற, ஏமாத்திட்டாங்கன்னு கடைக்காரர்கிட்ட சண்டைக்குப் போகாதீங்க 😀

மலைக்கோட்டைக்காரன்:
நன்றிண்ணா. பக்கத்து வீட்டு பழைய டெஸ்க்டாப் டிரைவ்ல போட்டதும் பாக்கி மளமளன்னு வந்துச்சு. தாலி கட்டுறது முழுசா இருக்கு, நாத்தனார் முடிச்சு போடுறப்ப மட்டும் கொஞ்ச நேரம் பச்சைக் கட்டமா தெரியுது, அத வெட்டிட்டேன். அந்த நாத்தனாருக்கு மட்டும் இப்ப யாரும் சொல்லிடாதீங்க.