60 வினாடியில் நட்சத்திரம் நீள்கிறது, துருவ நட்சத்திரமும் தெரியவில்லை

மாடிவானம், மதுரை:
வணக்கம். 6 அங்குல நியூட்டோனியன் (கண்ணாடி வைத்த தொலைநோக்கி), குவியத் தூரம் 750 மி.மீ., மோட்டார் வைத்த ஈக்யூ5 மவுண்ட் (வானத்தோடு சேர்ந்து தொலைநோக்கியைத் திருப்பும் தாங்கி), பழைய கேனன் கேமரா. மூன்று வாரமாக ஓரியன் நெபுலா என்கிற வாயு மேகத்தை (எம்42) படம் எடுக்க மல்லுக்கட்டுகிறேன். ஒரு படத்துக்கு 20 வினாடி வரை ஷட்டரைத் திறந்து வைத்தால் நட்சத்திரம் புள்ளிதான். 60 வைத்தால் அரிசி மணி மாதிரி நீண்டுவிடுகிறது. துருவ நட்சத்திரம் நம் ஊரில் 10 டிகிரி உயரத்தில்தான் நிற்கும், அங்கே பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி. காம்பஸ் வைத்து வடக்கு பிடிக்கிறேன். வேறு வழி உண்டா?

இரவுக்காவல்:
எந்தத் திசையில் நீள்கிறது? கிழக்கு மேற்காக என்றால் மோட்டாரும் பல்சக்கரமும். வடக்கு தெற்காக என்றால் மவுண்டின் சுழலும் அச்சு வானத்தின் வட துருவத்தைப் பார்க்கவில்லை.

மாடிவானம்:
வடக்கு தெற்காகத்தான் அண்ணா. எல்லாப் படத்திலும் ஒரே மாதிரி.

இரவுக்காவல்:
அப்போ அச்சுதான். காம்பஸை மாடியில் நம்பாதீர்கள், தளத்துக்குள் இருக்கிற கம்பி அதை இழுக்கும். துருவ நட்சத்திரம் இல்லாமலே சரிசெய்யலாம், பொறுமைதான் வேண்டும்.

ஓரியன் வான நடுக்கோட்டை (பூமியின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே வானத்தில் போகிற கோடு) ஒட்டியே இருக்கிறது. ஜனவரியில் இரவு 10 மணி வாக்கில் அது உச்சிக்கு வரும்போது, இடுப்புப் பட்டையில் ஒரு நட்சத்திரத்தைக் கண்வில்லையில் தெரிகிற குறுக்குக் கம்பியில் வைத்து, மோட்டாரை ஓடவிட்டு ஐந்து நிமிடம் பாருங்கள். தெற்கே நகர்ந்தால் அச்சு கிழக்கே தள்ளியிருக்கிறது, வடக்கே நகர்ந்தால் மேற்கே. துளித்துளியாகத் திருப்புங்கள். அப்புறம் நடுக்கோட்டுக்குப் பக்கத்திலேயே, கிழக்கில் தாழ்வாக இருக்கிற ஒன்று. அது தெற்கே போனால் அச்சைக் கொஞ்சம் உயர்த்துங்கள், வடக்கே போனால் இறக்குங்கள். இரண்டையும் மாற்றி மாற்றி இரண்டு மூன்று தடவை செய்யுங்கள். முடிந்ததும் முக்காலியின் கால்கள் நிற்கும் இடத்தில் பெயின்டால் குறி போடுங்கள். அடுத்த இரவு பாதி வேலை மிச்சம்.

தென்வானம்:
எம்42க்கு 60 மட்டும் எடுத்தால் நடுப்பகுதி வெளுத்துவிடும். 5 வினாடியில் ஒரு முப்பது படம் தனியாக எடுத்து, பின்னால் சேருங்கள்.

மாடிவானம்:
நேற்று முழுக்க ஒன்றரை மணி நேரம் அச்சுக்கே போனது. 60 வினாடியில் 40 படம், அத்தனையிலும் புள்ளி! டீப்ஸ்கைஸ்டேக்கரில் (படங்களை ஒன்றாகச் சேர்க்கும் மென்பொருள்) அடுக்கியதும் நெபுலாவின் இரண்டு சிறகும் விரிந்து தெரிகின்றன. 5 வினாடிப் படத்தில் நடுவிலிருக்கும் நான்கு நட்சத்திரங்களும் தனித்தனி. விடியும்வரை தூக்கம் வரவில்லை. மூன்று காலுக்கும் சிவப்பு பெயின்ட் வைத்துவிட்டேன்.