க்ரீம்டு கார்ன்: ஆறினால் களி, சூடாக்கினால் திரிதிரி. எங்கே தப்பு?

கேள்வி (மத்தும்_கரண்டியும்):
பண்டிகை விருந்துக்கு 8 பேருக்கு சைடு டிஷ்ஷாக க்ரீம்டு கார்ன் (பால், க்ரீம் சாஸில் செய்யும் ஸ்வீட் கார்ன்) செய்ய வேண்டும். ஃப்ரோசன் ஸ்வீட் கார்ன் 1 கிலோ இருக்கிறது. சோள மாவு (கார்ன்ஃப்ளோர்) கரைத்து ஊற்றிச் செய்தால் அடுப்பில் சரியாக இருக்கிறது, பரிமாறுவதற்குள் களியாகிவிடுகிறது. பால் விட்டுக் கொதிக்க வைத்தால் திரிகிறது. மைதாவுக்கு மாறலாமா? முதல் நாளே செய்து வைக்கலாமா?

பதில் (வெண்ணெய்ச்சட்டி):
மைதாவுக்கு மாறுங்கள். சோள மாவு ஆறும்போது கெட்டியாக உறையும், அதிகம் கொதித்தால் நீர்த்தும் போகும். இரண்டு பக்கமும் தொல்லை.

1 கிலோவுக்கு: வெண்ணெய் 60 கிராம், மைதா 3 டேபிள்ஸ்பூன், பால் 500 மிலி, க்ரீம் 200 மிலி, உப்பு 1½ டீஸ்பூன், சர்க்கரை 2 டீஸ்பூன், மிளகுத்தூள் ½ டீஸ்பூன்.

கார்னை முழுக்க உருகவிட்டு, வடிகட்டி, துணியில் ஒற்றி எடுங்கள். ஐஸ் தண்ணீரோடு போட்டால் சாஸ் நீர்த்து, அதைக் கெட்டியாக்க இன்னும் மாவு சேர்க்க வேண்டிவரும். களி அங்கேதான் தொடங்குகிறது. கால் பங்கு கார்னைக் கொஞ்சம் பாலோடு மிக்ஸியில் கொரகொரப்பாக அரைத்து வையுங்கள்.

வெண்ணெய் உருகியதும் மைதா போட்டு சிம்மில் 2 நிமிடம். பச்சை வாசனை போக வேண்டும், நிறம் மாறக்கூடாது. பாலை முதலில் அரைக் கரண்டி விட்டு விழுதாக்கி, பிறகு சிறிது சிறிதாக ஊற்றி விஸ்கால் கலக்கினால் கட்டி தட்டாது. கரண்டியின் பின்புறம் பூசினாற்போல் நின்று, விரலால் கோடு இழுத்தால் கோடு மூடாமல் இருந்தால் பதம். அரைத்ததையும் மீதிக் கார்னையும் சேர்த்து 6 நிமிடம், கடைசியில் க்ரீம், உப்பு, சர்க்கரை, மிளகு. இதற்குப் பிறகு தளதளவென்று கொதிக்கவே கூடாது: பால் புரதம் திரளும், வெண்ணெய் தனியே விடும். கொழுப்பு குறைந்த பால் என்றால் இன்னும் சீக்கிரம்.

இறக்கும்போது 'கொஞ்சம் தண்ணியா இருக்கே' என்று தோன்ற வேண்டும். பத்து நிமிடத்தில் தானாக இறுகும்.

பதில் (கதிரடி):
ஃப்ரோசனுக்கு மேலே சொன்னது சரி. பச்சைக் கதிர் கிடைத்தால் மைதாவே வேண்டாம் என்பேன். 8 கதிர், மணிகளைப் பாதி ஆழத்துக்கு மட்டும் சீவுங்கள். பிறகு கத்தியின் மழுங்கிய பக்கத்தால் கட்டையை மேலிருந்து கீழே அழுத்தி வழித்தால் வெள்ளையாகப் பால் வரும். அதிலுள்ள ஸ்டார்ச்சே சாஸைத் திரட்டும். வெண்ணெயும் அரை கப் க்ரீமும் போதும். பறித்து நாளான கதிரில் இனிப்பு குறைந்திருக்கும், அப்போது மட்டும் சர்க்கரை.

கேள்வி (மத்தும்_கரண்டியும்):
டின் கார்ன் கலந்தால்? முதல் நாள் செய்வது பற்றியும் சொல்லுங்கள்.

பதில் (வெண்ணெய்ச்சட்டி):
டின் என்றால் தண்ணீரை வடித்து அலசிவிட்டு, உப்பைப் பாதியாக்கிக் கடைசியில் ருசி பார்த்துப் போடுங்கள். ஏற்கெனவே வெந்தது, 3 நிமிடம் போதும்.

முதல் நாள் செய்யலாம். அகலமான பாத்திரத்தில் பரப்பி, சூடு தணிந்ததும் 2 மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில். மறுநாள் கல் மாதிரி இருக்கும், பயப்பட வேண்டாம். முக்கால் கப் பாலைத் தனியே சூடாக்கி, சிம்மில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு இளக்குங்கள். ஃப்ரீசரில் மட்டும் வைக்காதீர்கள், உருகும்போது சாஸ் பிரிந்துவிடும்.

பதில் (மூடி_திற):
மேஜையில் நேரம் போகும் என்றால், கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் இந்தப் பாத்திரத்தை மூடி வையுங்கள். நேரடித் தீயில் அடி பிடிக்கும். பிடித்துவிட்டால் சுரண்டாமல் மேலே உள்ளதை மட்டும் வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள்; சுரண்டினால் தீய்ந்த வாசனை முழுக்க ஏறிவிடும். ஜாதிக்காய் போடுவதானால் ஒரு சிட்டிகை, அதற்கு மேல் மருந்து வாடை.