ஆடிப் பார்க்காமல் இரண்டு நட்சத்திரம் போடலாமா?

நீலப்பகடை:
ரசிகர்கள் தாங்கள் எழுதிய சாகசக் கதைகளை விற்கும் டிஎம்ஸ் கில்ட் தளத்தில் ஒருவர் வெளியிட்டிருக்கும் உப்புச் சுரங்க சாகசத்தை வாங்கினேன். மேசையைச் சுற்றி உட்கார்ந்து பாத்திரமேற்று ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்புக்கானது, 24 பக்கம், ஒரே அமர்வில் ஆடி முடிக்கும் அளவு. விலையை வாங்குபவரே போட்டுக்கொள்ளலாம், சுழியம் போட்டாலும் கோப்பு இறங்கும். நான் காசு கொடுத்தே வாங்கினேன். இரண்டு முறை படித்துவிட்டு ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம் போட்டு, காரணத்தை அரைப் பக்கம் எழுதினேன். "ஆடாமல் எப்படி எழுதலாம்?" என்று அங்கே சண்டைக்கு வந்துவிட்டார்கள். சரி, இங்கேயே பேசிவிடலாம்.

என் முதல் புகார் 12ஆம் பக்கம். பாறைக்குள் மறைந்திருக்கும் கதவைக் கண்டுபிடித்தால்தான் கதையின் இரண்டாம் பாதி உண்டு. அதற்கு டி20 எனும் இருபது முகப் பகடையை உருட்டி, பாத்திரத்தின் திறமைக் கூட்டலையும் சேர்த்து 20 எடுக்க வேண்டும். ஆளுக்கு ஒரே முயற்சி. எல்லோரும் தவறவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு வரிகூட இல்லை. அப்புறம் வரைபடம். ரகசியக் கதவுகள் எல்லாம் குறிக்கப்பட்ட, ஆட்டத்தை நடத்தும் டி.எம். பார்ப்பதற்கான வரைபடம் ஒன்றுதான் இருக்கிறது, ஆடுபவர்களிடம் காட்ட எதுவும் இல்லை.

மூன்றாம்கதவு:
அங்கே கேட்டவர்களில் நானும் ஒருத்தி. இந்தச் சாகசத்தை என் குழுவுக்கு நடத்திவிட்டு ஐந்து நட்சத்திரம் போட்டேன். நான்கு பேர், மூன்றரை மணி நேரம், ஒருவர்கூடக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. நாடகப் பிரதியைப் படித்துவிட்டு நாடகம் நன்றாக இல்லை என்று சொல்கிறீர்கள்.

9ஆம் பக்கத்தில் இருக்கும் கணக்குப்பிள்ளையின் ஆவியைப் பற்றி உங்கள் விமர்சனத்தில் ஒரு சொல்கூட இல்லையே, ஏன்? கூலிப் பேரேட்டை விரித்து வைத்துக்கொண்டு, உள்ளே வரும் ஒவ்வொருவரிடமும் "நீ யாருக்கு என்ன பாக்கி?" என்று அது கேட்கும். காகிதத்தில் அரைப் பத்தி. மேசையில் ஐம்பது நிமிடம் ஓடியது. எங்கள் திருடன், பழைய அமர்வு ஒன்றில் பூசாரியின் பையிலிருந்து ரத்தினம் எடுத்ததை அங்கேதான் ஒப்புக்கொண்டான். பூசாரியை ஆடியவர் நிஜமாகவே இரண்டு நிமிடம் பேசவில்லை. படித்து மட்டும் எழுதுகிறவருக்கு இது எப்படித் தெரியும்?

நீலப்பகடை:
கணக்குப்பிள்ளையை நான் தாண்டிப் போய்விட்டேன், அது என் தப்பு. விமர்சனத்தில் சேர்க்கிறேன்.

ஆனால் பிரதியில் ஒரு காட்சியே இல்லை என்றால், அதைத் தெரிந்துகொள்ள அரங்குக்குப் போக வேண்டியதில்லை. கதவுக் கணக்கைப் பாருங்கள். நால்வருக்கும் திறமைக் கூட்டல் 3 என்று வைத்துக்கொள்வோம். பகடையில் 17 முதல் 20 வரை விழுந்தால்தான் கதவு தெரியும், அதாவது ஒருவருக்கு 20 சதவீத வாய்ப்பு. நால்வரும் தவறவிடும் வாய்ப்பு 0.8-ஐ நான்கு முறை பெருக்கினால் வரும், ஏறக்குறைய 41 சதவீதம். ஐந்து குழு ஆடினால் இரண்டு குழு பாறை முன்னால் நின்றுவிடும். உங்கள் மேசை மீதி 59-இல் இருந்திருக்கிறது, நல்ல விஷயம். ஒரு தடவை நடத்திப் பார்த்தவருக்கு இந்தக் கணக்கு கண்ணில் படாது. படித்தவருக்குப் படும்.

மூன்றாம்கதவு:
இல்லை. நாங்களும் அந்த 41-இல்தான் இருந்தோம். நால்வரும் கோட்டை விட்டார்கள். பேரேட்டின் கடைசிப் பக்கத்தில் "மூன்றாம் சுரங்கக் கதவுக்குத் தச்சன் கூலி பாக்கி" என்று ஒரு வரியை நானே சேர்த்துப் படித்தேன். உடனே பாறையைத் தட்டக் கிளம்பிவிட்டார்கள்.

நீலப்பகடை:
அப்படியானால் உங்கள் ஐந்து நட்சத்திரத்தில் ஒன்றரை உங்களுக்குச் சேர வேண்டியது! நீங்கள் ரசித்தது உங்கள் சொந்தத் திருத்தத்தை. 'ஆடிப் பார்த்தேன், அருமை' வகை விமர்சனங்களில் எனக்கு இருக்கும் சந்தேகமே இதுதான். கெட்டிக்கார டி.எம். கையில் எதுவும் ஓடும்.

மூன்றாம்கதவு:
எதுவும் ஓடாது. கணக்குப்பிள்ளையும் பேரேடும் இல்லாவிட்டால் அந்த வரியை எங்கே சேர்த்திருப்பேன்? சிக்கிக்கொண்டபோது பிடித்து ஏற ஒரு கயிறு இருந்தது, அதை வைத்தவர் ஆசிரியர். பெரிய நிறுவனம் அச்சிட்ட கெட்டி அட்டைப் புத்தகங்களோடு மல்லுக்கட்டியிருக்கிறேன், ஓட்டை விழுந்த இடத்தில் அவற்றில் கயிறும் இருக்காது. திருத்தாமல் சாகசம் நடத்தும் டி.எம். யாராவது இருந்தால் காட்டுங்கள்.

புதுவரவு:
நான் இருக்கிறேன். டி.எம். ஆகி இரண்டே மாதம். பேரேட்டில் வரி சேர்க்கும் யோசனை எனக்கு அந்த நேரத்தில் வந்திருக்காது, கதவு முன்னால் உட்கார்ந்து வியர்த்திருப்பேன். நான் விமர்சனமே படிப்பதில்லை, அந்தத் தளம் கொடுக்கும் பதக்கத்தைப் பார்த்து வாங்குவேன். செம்பு, வெள்ளி, தங்கம், அடமன்டைன் என்று போகுமே, அது போதாதா?

நீலப்பகடை:
பதக்கம் எத்தனை பிரதி விற்றது என்று மட்டும்தான் சொல்லும். நல்ல அட்டைப்படத்துக்கும் தங்கம் கிடைக்கும்.

சிலந்திவலை:
இரண்டு பேரும் ஆசிரியரை மறந்துவிட்டீர்கள். நானும் அங்கே நான்கைந்து சப்ளிமென்ட், அதாவது ஆட்டத்துக்கான துணைப் புத்தகங்கள், போட்டிருக்கிறேன். எழுத்து, பக்க அமைப்பு, வரைபடம், பிழைதிருத்தம் எல்லாம் ஒரே ஆள், அதுவும் வேலை முடிந்து வந்த பிறகு. விற்பதில் பாதிதான் கைக்கு வரும். அங்கே போட்டதை வேறு இடத்தில் விற்கவும் முடியாது. மொத்தமே ஆறேழு விமர்சனம் இருக்கும் பக்கத்தில் ஒரு இரண்டு நட்சத்திரம் விழுந்தால் சராசரி எவ்வளவு சரியும் என்று யோசித்துப் பாருங்கள். தொழில்முறைப் புத்தகத்துக்கு வைக்கும் அளவுகோலை இதற்கும் வைக்காதீர்கள்.

நீலப்பகடை:
உழைப்பை மதிக்கிறேன், அதனால்தான் காசு கொடுத்தேன். ஆனால் வாங்குபவர் கொடுக்கும் விலை காசு மட்டும் இல்லை. ஐந்து பேர் நாள் ஒதுக்கி, வேறு வேலையைத் தள்ளிவைத்து உட்காருகிறார்கள். சுழியம் போட்டு இறக்கினாலும் அந்த மாலை போனது போனதுதான். எழுத்துப்பிழை, படம் சுமார், பக்க அமைப்பு கோணல் என்றால் நானும் கண்டுகொள்ள மாட்டேன். கதை நின்றுபோகும் இடத்துக்குச் சலுகை கிடையாது.

ஒரு முடிவுக்கு வழிகாட்ட மூன்று துப்பாவது வை என்பது துப்பறியும் சாகசம் எழுதுகிறவர்களிடம் ஊறிப்போன விஷயம். துப்பறியும் ஆட்டங்களுக்கான கம்ஷூ விதிமுறையில் முக்கியத் துப்புக்குப் பகடையே கிடையாது, சரியான திறமையோடு சரியான இடத்தில் தேடினால் கிடைத்துவிடும். இதற்குப் பணமும் வேண்டாம், ஓவியரும் வேண்டாம்.

இன்னொன்று, இந்தப் பேச்சோடு பாதிதான் தொடர்புள்ளது. இந்தச் சாகசத்தில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் கற்பனை உலகமான ஃபர்காட்டன் ரெல்ம்ஸின் ஊரோ பேரோ எதுவும் வரவில்லை. அடிப்படை விதிகளின் எஸ்ஆர்டி 5.1 ஆவணம் 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வந்துவிட்டது. அதை மட்டும் வைத்து எழுதி, எங்கே வேண்டுமானாலும் விற்றிருக்கலாம். அந்த உலகத்தைப் பயன்படுத்தாதவர், அதற்கு விலையாக வரும் 'வேறு இடத்தில் விற்காதே' என்ற கட்டுப்பாட்டை ஏன் சுமக்க வேண்டும்?

சிலந்திவலை:
கூட்டம் அங்கேதானே இருக்கிறது, அதற்காகத்தான்.

மூன்றாம்கதவு:
புதுவரவு எழுதியதைப் படித்த பிறகு என் விமர்சனத்தைத் திரும்பப் பார்த்தேன். "அட்டகாசம், என் குழுவுக்கு ரொம்பப் பிடித்தது" என்று மூன்று வரி. நான் சேர்த்த வரியைப் பற்றிப் பேச்சே இல்லை. அதை நம்பி அவர் வாங்கியிருந்தால் மாட்டியிருப்பார். கதவுக்கு நான் என்ன செய்தேன், வரைபடத்தை எப்படித் துண்டு துண்டாக மறைத்துக் காட்டினேன் என்பதை இப்போது சேர்த்துவிட்டேன். நட்சத்திரம் ஐந்திலிருந்து நான்கு. ஆனால் நீலப்பகடை, நீங்களும் "படித்தேன், இன்னும் நடத்தவில்லை" என்று முதல் வரியிலேயே போட வேண்டும். உங்கள் அரைப் பக்கத்தைப் படித்தால் ஐந்து பேரோடு உட்கார்ந்து அவதிப்பட்டவர் எழுதியது போலத் தெரிகிறது.

நீலப்பகடை:
அது நியாயம். முதல் வரியில் சேர்த்துவிட்டேன். நட்சத்திரம் இரண்டிலேயே இருக்கும், கதவு இன்னும் அங்கேயே நிற்கிறது.

உப்புக்காரன்:
அந்தச் சாகசம் என்னுடையதுதான். இரண்டு நாளாக வெளியிலிருந்து படித்துக்கொண்டிருந்தேன், கோபம் வந்தது, போய்விட்டது. என் குழுவில் ஒருவருக்குத் தேடும் திறமையில் கூட்டல் 9. அதனால் கதவு ஒருமுறைகூட எங்களுக்குப் பிரச்சினையாக இருந்ததில்லை, நானும் யோசிக்கவில்லை. 12ஆம் பக்கத்தை மாற்றி ஏற்றிவிட்டேன், வாங்கியவர்கள் மறுபடி இறக்கிக்கொள்ளலாம். ஆடுபவர்களுக்கான வரைபடம் பாதி வரைந்திருக்கிறேன். மூன்றாம்கதவு, அந்தத் தச்சன் கூலி வரியை நான் பயன்படுத்திக்கொள்ளலாமா? நன்றிப் பக்கத்தில் பெயர் போடுகிறேன்.

மூன்றாம்கதவு:
தாராளமாக. தச்சனுக்கு ஒரு பெயர் மட்டும் வையுங்கள், என் குழு கேட்டு நச்சரித்தது.

நீலப்பகடை:
20 இன்னும் 20 தானா?

உப்புக்காரன்:
பேரேட்டைப் படித்தவருக்குப் பகடை வேண்டாம். படிக்காதவருக்கு 15.

நீலப்பகடை:
இறக்குகிறேன். இந்த முறை நடத்திவிட்டு வருகிறேன்.