சித்திரகவியை இணையப் பக்கத்தில் விளையாட விடுவது எப்படி?

மழைப்பித்தன்:
மழை பற்றிய சின்னக் கவிதை ஒன்றுக்கு, டெம்ப்ளேட் எதுவும் எடுக்காமல் முழுக்கக் கையாலேயே ஹெச்டிஎம்எல், சிஎஸ்எஸ், கொஞ்சம் ஜாவாஸ்கிரிப்ட் எழுதிப் பக்கம் செய்கிறேன். விரல் பட்ட இடத்திலிருந்து எழுத்துகள் சொட்டுச் சொட்டாக இறங்க வேண்டும். ஆனால் எழுத்துகளைப் பிரித்ததுமே "கொ" உடைந்து, க ஒரு பக்கம், கொம்பும் காலும் ஒரு புள்ளி வட்டத்தோடு இன்னொரு பக்கம் என்று நிற்கிறது. என்ன வழி? வேறு எப்படியெல்லாம் விளையாடலாம் என்றும் சொல்லுங்கள்.

எழுத்தாணி:
யூனிகோடில் "கொ" இரண்டு குறியீடுகள். சரத்தைத் துண்டாக்கும் ஸ்ப்ளிட் (split) கட்டளை அவற்றை அப்படியே வெட்டிவிடும். அதற்குப் பதில் ஜாவாஸ்கிரிப்டிலேயே இருக்கும் இன்டல் செக்மென்டரை (Intl.Segmenter) கிராஃபீம் (grapheme, கண்ணுக்குத் தெரியும் முழு எழுத்து) என்று கொடுத்துப் பயன்படுத்துங்கள், முழு எழுத்தாக வரும். க்ஷ மட்டும் க், ஷ என்று இரண்டாக வரும், அதை நீங்களே சேர்த்துவிட வேண்டியதுதான். அப்புறம் ஒவ்வொரு எழுத்தையும் ஒரு ஸ்பேனுக்குள் (span) வைத்து, ஒவ்வொன்றுக்கும் சிஎஸ்எஸ்ஸில் இன்லைன்-பிளாக் (inline-block) கொடுங்கள், இல்லையென்றால் எழுத்தை நகர்த்தும் டிரான்ஸ்ஃபார்ம் (transform) வேலை செய்யாது.

நாகபந்தம்:
எழுத்தை மழையாக இறக்குவதை பிரெஞ்சுக் கவிஞர் அப்போலினேர் அச்சிலேயே செய்துவிட்டார், 1918-இல் வந்த அவருடைய காலிகிராம் (வரிகளே படமாக அமையும் கவிதை) தொகுப்பில் வரிகள் சாய்ந்து சாய்ந்து தாளில் இறங்கும். அதனால் விழுவது மட்டும் போதாது, கை வைத்தால் வாசிப்பே மாற வேண்டும் என்பது என் கட்சி. எழுத்துகளைப் படம்போல அடுக்கியோ எழுத்துகளோடு விளையாடியோ எழுதும் நம் சித்திரகவிகளைப் பாருங்கள். பின்னிய பாம்புகளின் உருவில் எழுதும் நாகபந்தத்தில் பாம்புகள் பின்னிக்கொள்ளும் இடத்தில் இருக்கும் ஒரே எழுத்து இரண்டு வரிக்கும் பொதுவாக வரும். தாளில் அந்த இடத்தைக் கண்ணால் தேடிப் பிடிக்க வேண்டும், திரையில் அந்த எழுத்தைத் தொட்டதும் இரண்டு வரியும் இரண்டு நிறத்தில் ஒளிர்ந்தால் புலவர் எங்கே முடிச்சுப் போட்டார் என்று சட்டெனப் புரிந்துவிடும்! முன்னும் பின்னும் ஒரே மாதிரி வாசிக்கும் சம்பந்தரின் மாலைமாற்றையும் இப்படிச் செய்யலாம், விரலை எந்தப் பக்கமிருந்து இழுத்தாலும் அதே பாட்டு விரியும். உங்கள் மழையிலும் விழுந்த எழுத்துகள் கீழே சேர்ந்து வேறொரு சொல்லாகட்டுமே. எந்தச் சொல் என்று முதலில் முடிவு செய்துவிட்டு, அப்புறம் கோடு எழுதுங்கள்.

தென்றல்:
ஒன்று விட்டுப்போனது. ஸ்பேன் ஸ்பேனாக உடைத்த கவிதையை, பார்வையற்றோருக்குத் திரையைப் படித்துக்காட்டும் ஸ்கிரீன் ரீடர் எழுத்தெழுத்தாக வாசிக்கக்கூடும், கேட்பவருக்குக் கவிதையே கிடைக்காது. ஆடும் பகுதியை ஸ்கிரீன் ரீடர் தாண்டிப்போக ஏரியா-ஹிடன் (aria-hidden) போட்டு, முழுக் கவிதையையும் கண்ணுக்குத் தெரியாத பத்தியாகப் பக்கத்திலேயே வையுங்கள். அசைவைக் குறைக்கச் சொல்லி அமைத்திருப்பவர்களுக்கு எழுத்துகள் அசையாமல் நிற்கட்டும்.