மே மாசம் ஊர் சுத்தினப்போ உங்களுக்கு எங்க குளிர்ந்துச்சு?

கத்திரிப்பையன்

கடைசிப் பரீட்சை முடிஞ்ச அன்னிக்கு ராத்திரியே எழும்பூர்ல பொதிகை ஏறியாச்சு. நாலு பேரு, அன்ரிசர்வ்டு, கக்கூஸ் பக்கத்துல பேப்பர் விரிச்சு உக்காந்தோம். குற்றாலத்துக்கு மே மாசம் யாரும் போக மாட்டாங்கன்னு தெரியும். கையில இருந்த காசுக்கு அதான் கட்டுப்படியாச்சு. பேரருவில பாறை மேல ஒரு ஈரக்கோடு, அவ்ளோதான். அதுல ஒருத்தன் தலையைக் காட்டிட்டு 'மோட்டார் போடச் சொல்லுங்கடா'ன்னான்.

நான் சொல்ல வந்தது அது இல்ல. தென்காசி திரும்பறதுக்கு பஸ்ஸுக்கு நின்னோம். புளியமரத்தடில ஒரு தாத்தா, சைக்கிள் கேரியர்ல குடம், குடத்து வாயில துணி. பதனி. பனை ஓலையை ரெண்டே மடிப்புல பட்டை ஆக்கி கையில குடுத்துட்டு, ஒரு நுங்கைக் கட்டைவிரலால நோண்டி உள்ள போட்டு, மேல ஊத்தினார். நான் டம்ளர் மாதிரி நிமித்திப் பிடிச்சேன், முழங்கை வரைக்கும் வழிஞ்சிடுச்சு. 'ரெண்டு கையாலயும் புடிச்சு ஓரத்துல வாய வைங்க தம்பி'ன்னார். முதல் மடக்குல லேசா சுண்ணாம்பு, அப்புறம் ஓலை வாசனை, அதுக்கப்புறம்தான் இனிப்பு. நுங்கு வழுக்கிட்டுப் போய் தொண்டைல நிக்குது. காலைலேர்ந்து காஞ்சு கிடந்த வயிறு. காதுக்குள்ள வரைக்கும் ஜில்லுன்னு ஆச்சு.

'எங்கேருந்து வாரிய?' 'மெட்ராஸ் தாத்தா.' 'அங்க பதனி கிடைக்குமா?' 'கிடைக்கும்'னேன். நான் அதுவரைக்கும் குடிச்சதே இல்ல. எதுக்குப் பொய் சொன்னேன்னு இன்னிக்கும் தெரியல.

ஆளுக்கு நாப்பது, மொத்தம் நூத்தி அறுபது. எங்ககிட்ட ஒரே ஐநூறு ரூபா நோட்டு. அவர்கிட்ட சில்லறை இல்ல. ஜிபே-ன்னோம், 'எங்கிட்ட போனே கிடையாதுய்யா'ன்னார். பஸ் வந்துடுச்சு. 'ஏறுங்க, அடுத்தாப்ல வாறப்ப தாங்க'ன்னார். ஏறிட்டோம். அந்த ஐநூறையே குடுத்திருக்கலாம்னு தென்காசி ஸ்டாண்டுல இறங்கினப்புறம்தான் தோணுச்சு. ரெண்டு வருஷம் ஆச்சு.

தாமிரபரணித் தண்ணி

மே மாசம் குற்றாலம் போயிட்டு தண்ணி இல்லன்னு எழுதறதைப் பாத்தா சிரிப்புதான் வருது. தென்மேற்குப் பருவமழை கேரளாவுல இறங்கணும், மலை தாண்டி சாரல் இந்தப் பக்கம் விழணும், அப்பதான் அருவி. ஜூன் ஆரம்பிச்சு ஆகஸ்ட் வரைக்கும் சீசன். அதுலயும் முதல் வாரத்தை நம்பிக் கிளம்பாதீங்க, ஒரு வருஷம் தள்ளும், ஒரு வருஷம் முந்தும். சனி ஞாயிறு போனா தலையை நனைக்க ஒரு மணி நேரம் வரிசை. செவ்வாய், புதன் போங்க. சோப்பு, ஷாம்பு எடுத்துட்டுப் போகாதீங்க. எண்ணெய் தேச்சுட்டு அருவிக்குள்ள நுழையாதீங்க, பாறை வழுக்கும். மே மாசத்துலதான் லீவுன்னா பாபநாசம் போங்க, அகஸ்தியர் அருவி கோடையிலயும் விழும். இவ்வளவையும் டிக்கெட் எடுக்கறதுக்கு முன்னாடி யார்கிட்டயாவது கேட்டிருக்கலாம்.

என் கதையா? அந்த அகஸ்தியர் அருவிலதான். சென்னைல படிக்கறப்ப முதல் லீவு, ஹாஸ்டல் தண்ணில குளிச்சுக் குளிச்சுத் தலைமுடியெல்லாம் கொட்டியிருந்துச்சு. அருவிக்கடியில நின்னு அழுதேன். பக்கத்துல நின்ன ஆளு 'எதுக்குல அழுத'ன்னு கேட்டார். அருவிச் சத்தத்துல அழுதது எப்படி அவருக்குத் தெரிஞ்சுதோ.

ஐந்தருவி ரோடு

மேலே எழுதினவருக்கு. மே மாசம்னா காஞ்சுதான் கிடக்கும்னு எழுதாதீங்க, படிக்கறவன் நம்பிடுவான். 2024 மே 17 பழைய குற்றாலத்துல திடீர் வெள்ளம் வந்து ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் போயிட்டான். கீழ வெயில் அடிச்சிட்டிருக்கும், மேல மலைல மழை பெஞ்சிருக்கும். தண்ணி கலங்கி வந்தாலோ, சத்தம் மாறினாலோ போன் எடுக்காம வெளிய வந்துடணும். அவ்வளவுதான், எனக்குக் கதை இல்ல.

மாம்பலம் மல்லி

எல்லாரும் அருவி, மலைன்னு எழுதறீங்க. என் வீட்டுல தனியா வெளியூர் விடமாட்டாங்க. என் கோடைப் பயணம் பீச் ஸ்டேஷன்லேர்ந்து தாம்பரம் வரைக்கும்தான். 2025 ஏப்ரல்ல ஏசி எலக்ட்ரிக் ட்ரெயின் விட்டாங்கல்ல, அதுல. சாதா வண்டிக்குப் பத்து ரூபா, இதுக்குப் பல மடங்கு. நானும் என் ஃப்ரெண்டும் ஒரு வாரம் டீ குடிக்காம சேத்து வச்சுப் போனோம், சும்மா குளிர்ல உக்காந்துட்டு வர்றதுக்கு. சிரிக்காதீங்க. வெளிய பிளாட்பாரம் கொதிக்குது, கதவு தானா மூடுது, ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கோடம்பாக்கம் சத்தமே இல்லாமப் போகுது. பொறந்ததுலேர்ந்து பாத்த ஊரு, யாரோ ஊரு மாதிரி இருந்துச்சு.

மாம்பலத்துல ஒரு பூக்காரம்மா கூடையோட ஏறினாங்க. ஈரத்துணி போட்டு மூடின மல்லி. ஏசில அந்த வாசம் எங்கயும் போகாம பெட்டி முழுக்க நின்னுச்சு. போன் பாத்துட்டிருந்தவங்ககூட நிமிந்து பாத்தாங்க. அம்மா சீட்டுல உக்காரல, கதவுகிட்ட கூடையை வச்சுட்டு முந்தானையால கழுத்தைத் துடைச்சிட்டு, மேல காத்து வர்ற இடத்தைப் பாத்துக் கண்ணை மூடினாங்க. டிக்கெட் பரிசோதகர் வந்தார். அவங்ககிட்ட இருந்தது சாதா டிக்கெட். அவர் திட்டல, அபராதமும் போடல, 'கிண்டில இறங்கி அடுத்த வண்டில போம்மா'ன்னு மெதுவாத்தான் சொன்னார். அந்தம்மா 'தெரியாம ஏறிட்டேன் சார், ஜில்லுனு இருந்துச்சு'ன்னாங்க.

வித்தியாசத்தைக் கட்ட என் பர்ஸ்ல காசு இருந்துச்சு. கேட்டுப் பாத்திருக்கலாம். நான் போனை எடுத்துப் பாக்க ஆரம்பிச்சேன். கிண்டில இறங்கினாங்க. தாம்பரம் வரைக்கும் வாசம் மட்டும் இருந்துச்சு.

பெரம்பூர் பெரியவர்

பிள்ளைகளே, கோடைக்கு மலை ரயிலை விட்டால் வேறு எது? சென்ட்ரலில் இரவு நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியற்காலை மேட்டுப்பாளையம். அங்கேயே மலை ரயில் நிற்கும். ஊட்டி வரை 46 கிலோமீட்டர், 208 வளைவு, 16 சுரங்கம், 250 பாலம். கல்லாறு முதல் குன்னூர் வரை தண்டவாளத்தின் நடுவே, எஞ்சினின் பல்சக்கரம் கவ்வி ஏறப் பல்சட்டம் பதித்திருக்கும், 12 அடி போனால் 1 அடி ஏற்றம். எஞ்சின் முன்னால் இருந்து இழுக்காது, பின்னாலிருந்து தள்ளும். ஆகவே முன்பெட்டியில் இடம் பிடித்தால் மலையும் நீங்களும்தான். 2005இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தார்கள்.

முன்பதிவு கிடைக்காவிட்டால் மனம் தளர வேண்டாம், மேட்டுப்பாளையத்திலிருந்து அரசுப் பேருந்து உண்டு. சொந்த வண்டி, வாடகை வண்டி என்றால் ஊட்டிக்குள் நுழைய இ-பாஸ், அதாவது இணையத்தில் வாங்கும் அனுமதிச் சீட்டு, எடுக்க வேண்டும், 2024 மே 7இலிருந்து நடைமுறை. பேருந்தில் போகிறவருக்கு அது தேவையில்லை. ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். மேட்டுப்பாளையத்தில் வியர்க்கிறதே என்று பெட்டிக்குள் அமுக்கி வைக்காதீர்கள், குன்னூரில் தேடுவீர்கள். தின்பண்டத்தைக் கையில் பிடித்தபடி இறங்காதீர்கள், குரங்கு பிடுங்கிவிடும்.

என் அனுபவம் சிறியது. 1979, கல்லூரி விடுமுறை. ஹில்குரோவில் எஞ்சின் தண்ணீர் குடிக்க நின்றது. நானும் இறங்கிப் பாறையில் வழிந்த ஊற்றில் முகத்தை வைத்துக் குடித்துக்கொண்டிருந்தேன். ஊதல் கேட்கவில்லை. திரும்பினால் ரயில் நகர்கிறது. நல்லவேளை, அது நடக்கிற வேகத்தில்தான் போகும். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பிரேக்காரர் இருப்பார். அவர் கையை நீட்டித் தூக்கி ஏற்றிவிட்டு, 'எஞ்சினே குடிச்சு முடிச்சிடுச்சு, உனக்கு இன்னும் ஆவலையா?' என்றார். அதற்குப் பிறகுதான் ரயில்வேயில் சேர வேண்டும் என்ற எண்ணமே வந்தது.

காசிமேட்டு ரைடர்

பெருசு, கத சூப்பரு, ஆனா டைம்டேபிள் யாரும் கேக்கல. மல்லி, நீ பண்ணதுல தப்பு இல்ல, அந்த நேரத்துல எவனுக்கும் தோணாது. சும்மா கெட.

நானும் லீவுல ஊர்தான் சுத்துனேன். டெலிவரி. காலேஜ் ஃபீஸுக்கு. ஒரு நாளைக்கு நூறு கிலோமீட்டர் மெட்ராஸுக்குள்ளயே. கத்திரில மத்தியானம் ராயப்பேட்ட சிக்னல்ல நின்னா ஹெல்மெட் உள்ள இட்லி வேவும். நம்மள காப்பாத்துறது ஒண்ணே ஒண்ணுதான், கடக்காத்து. அது எப்ப திரும்புதுன்றதுதான் அன்னிக்கு தலையெழுத்து. மேக்கால காத்து பலமா இருந்தா கடக்காத்து உள்ளயே வராது, அன்னிக்குதான் நாப்பதத் தாண்டும்.

அன்னிக்கு மூணு மணி. சாந்தோம் பக்கம் ஒரு ஆர்டர், ஐஸ்க்ரீம். நொச்சிக்குப்பத்துல வல பின்னிகினு இருந்த ஒரு பெரியவரு கைய காட்டி நிறுத்துனாரு. 'தம்பி மூஞ்சி செவந்து கெடக்கு, நிழல்ல நில்லு, காத்து இப்ப திரும்பும்.' 'எப்டி தெரியும்?' 'தண்ணிய பாரு.' பாத்தேன். எனக்கு ஒண்ணும் தெரியல. தூரத்துல தண்ணி நெறம் கருக்குதுன்னாரு. அவரு சொல்லி முடிக்கல, வலயோட ஓரம் லேசா தூக்குச்சு. அப்பால சட்ட ஒட்டிகினு இருந்தது உரிஞ்சு வந்துச்சு. கண்ண மூடிகினேன். பத்து நிமிஷம் ஆயிடுச்சு.

ஐஸ்க்ரீம் பாயசம். அந்த அக்கா தொறந்து பாத்தாங்க, என் மூஞ்சியப் பாத்தாங்க, 'ஃப்ரீசர்ல வச்சுக்கறேன் விடுப்பா'ன்னு அஞ்சு ஸ்டார் போட்டாங்க. வெயில்ல உருகிடுச்சுன்னு நெனச்சிருப்பாங்க. நான் காத்து வாங்கினு நின்னேன்னு சொல்லவே இல்ல.

தாமிரபரணித் தண்ணி

கத்திரிப்பையனுக்கு ஒண்ணு கேக்க மறந்துட்டேன். ஒரு பட்டை நாப்பது ரூபாயா? எங்க பக்கம் அவ்வளவு கிடையாது. வெளியூர்க்காரன்னு உங்கள நல்லா ஏமாத்தியிருக்காங்க.

கத்திரிப்பையன்

ஏமாத்தினது நான்தானே அண்ணாச்சி. காசே குடுக்கலையே.

ஜூன்ல மறுபடி போறோம். இந்தத் தடவ பேண்ட் பாக்கெட்ல பூரா பத்து ரூபா நோட்டு.

பெரம்பூர் பெரியவர்

நல்லது தம்பி. ரயில் முன்பதிவு இப்போது பயணத்துக்கு 120 நாள் முன்பு அல்ல, 60 நாள் முன்புதான் தொடங்கும், 2024 நவம்பர் 1லிருந்து மாற்றிவிட்டார்கள். கணக்குப் பார்த்து எடு.

கத்திரிப்பையன்

ஐயா, அன்ரிசர்வ்டு. அதே கக்கூஸ் பக்கம்தான்.